எனக்கு மட்டும் சீசன் விலை

1

போன சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குள் என் மகள் என்னைத் தெரியாதவள் மாதிரி நடந்துகொண்டாள். பிஸ்கட் அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, ஒரு டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டப்பாவில் அவ்வளவு நேரம் படிக்க என்ன இருக்கிறது? அவளோடு படிக்கிற ஒரு பெண் தன் அம்மாவோடு கடைக்கு வந்திருந்தாள். அந்த நேரம் பார்த்து நான் மஞ்சள் சீட்டுக்காரர் பின்னால் கூடையும் கையுமாக நின்றேன். அதுதான் விஷயம்.

ஊரில் இருக்கிறவர்களுக்கு இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இங்கிலாந்தில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகளைத் திறக்கக் கூடாது என்று சட்டம். அதனால் சனிக்கிழமை பொழுது சாய ஆரம்பித்ததும் கடைக்காரர்கள் அவசரப்படுவார்கள். ரொட்டி, கோழி, பால், வாழைப்பழம் எதுவும் திங்கள் வரைக்கும் தாங்காது. அப்போது உள்ளேயிருந்து ஒருவர் சின்ன மிஷினோடு வந்து, விலை குறைத்த மஞ்சள் சீட்டுகளை ஒட்டிக்கொண்டே போவார். முதலில் பாதி விலை. பொறுமை இருந்தால் கால் விலை. முதல் சீட்டிலேயே பாய்கிறவர்கள் கற்றுக்குட்டிகள். நான் கோழி இருக்கும் பக்கமே திரும்ப மாட்டேன். முட்டைக்கோசை ஆராய்கிற மாதிரி நின்றுகொண்டு, இரண்டாவது சீட்டு விழுந்த பிறகுதான் கோழியின் மேல் கை வைப்பேன். எங்கள் கடையின் மஞ்சள் சீட்டுக்காரருக்கு வழுக்கைத் தலை. என்னைக் கண்டால் ஒரு பெருமூச்சு விடுவார். அதை நான் வணக்கமாக எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வரும்போது பஸ்ஸில் மகள் வாயைத் திறந்தாள். வீட்டில் அவள் கவிதா. பள்ளிக்கூடத்தில் கேட்.

"நீங்க அந்த ஆள் பின்னாடியே நடக்கறீங்க மம்மி. எல்லாரும் பாக்கறாங்க" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"ராத்திரி அந்தக் கோழியைத் தின்னும்போதும் எல்லாரும் பாப்பாங்களா?" என்று தமிழில் கேட்டேன். எங்கள் வீட்டில் சண்டை எப்போதும் இரண்டு மொழியில்தான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை திறக்கலாமா என்று பெரிய மனிதர்கள் இப்போது பேசிக்கொண்டிருக்கிறார்களாம். திறந்தார்கள் என்றால் என் குடும்பம் நடுத்தெருவுக்கு வரும். அது கிடக்கட்டும். இந்த வித்தையை நான் இங்கே வந்து கற்றுக்கொள்ளவில்லை. ஏற்காட்டில் கற்றது. அந்த ஏற்காட்டிலேயே போன வருஷம் நான் மண்ணைக் கவ்வினேன். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

ஏற்காட்டில் மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லைன் வீடுகளில் ஒன்று எங்களுக்கு. அப்பா, அம்மா இருவரும் கூலிக்குப் போனார்கள். அக்கா பழனியம்மா எனக்கு ஐந்து வயது மூத்தவள். அவள் ஐந்தாவதோடு நின்று களை வெட்டப் போனாள். நான் பத்தாவது வரை படித்தேன். சந்தைக்குப் போகிற வேலை எங்கள் இரண்டு பேருக்கும். அம்மா போனால் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாள் என்று அப்பாவே அந்த ஏற்பாட்டைச் செய்திருந்தார்.

எழுபதுகளில் ஏற்காட்டுச் சந்தைக்குக் காய்கறி சேலத்திலிருந்து பஸ் கூரையில்தான் ஏறி வரும். கூடைக்கு லக்கேஜ் கட்டணம் உண்டு. விற்காமல் மிஞ்சினால் சாயங்காலம் கடைசி பஸ்ஸில் திரும்பவும் லக்கேஜ் கொடுத்து ஏற்ற வேண்டும். அப்படியே ஏற்றினாலும் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிப்பதற்குள் தக்காளி ரசமாகியிருக்கும். இந்தச் சங்கதி வியாபாரிகளுக்குத் தெரியும். வாங்க வருகிற எஸ்டேட் ஜனத்துக்கும் தெரியும். ஆனால் கடைசி பஸ் வரைக்கும் பொறுத்திருக்கிற நெஞ்சுரம் எல்லோருக்கும் இருக்காது. அதற்குள் நல்ல காய் போய்விட்டால் என்ன செய்வது என்று பயந்து வாங்கிவிடுவார்கள்.

அக்கா பயப்பட மாட்டாள். காலையில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பாள். எதையும் விலை கேட்க மாட்டாள். பிறகு என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஏரிக்கரையில் உட்கார்ந்துவிடுவாள். எனக்குப் பசிக்கும், அழுவேன். "பொறு கண்ணு, இன்னும் அவங்களுக்குப் பசிக்கல" என்பாள். கடைசி பஸ் வந்து நின்று, கண்டக்டர் கூரை மேல் ஏறுகிற நேரத்தில் எழுந்து போவாள். குப்பண்ணன் என்று ஒரு காய்க்காரர் வருவார். இளவயசு ஆள், கறுத்த மீசை. அவர் முன்னால் போய் நின்று அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்பாள்.

"ஏனுங்கண்ணா, இப்பெல்லாம் கூடைக்கு லக்கேஜு எவ்வளவு வாங்கறாங்க?"

அவ்வளவுதான். குப்பண்ணனின் மீசை தொங்கிவிடும். "எடுத்துட்டுப் போ தாயி, பாதிக்குப் போட்டுக்க" என்பார். அந்தப் பாதியிலும் கொத்தமல்லி, கறிவேப்பிலை கொசுறு வாங்காமல் அக்கா நகர மாட்டாள். அதற்குள் எங்கள் மஞ்சக்குட்டை பஸ் போயிருக்கும். ஜீப்புக்காரரிடம் அடுத்த பேரம் ஆரம்பமாகும்.

மே மாதம் வந்தால் இன்னொரு வேடிக்கை. கீழே வெயில் தாங்காமல் கறுப்புக் கண்ணாடி போட்ட ஜனங்கள் கார் கட்டிக்கொண்டு வருவார்கள். அவர்களுக்கு ஒரு விலை, எங்களுக்கு ஒரு விலை. சீசன் விலை, ஊர் விலை. யாரும் எழுதி வைத்ததில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் போதும், வியாபாரி தராசு பிடித்த மாதிரி கண்டுபிடித்துவிடுவார். ஒரு கொய்யாவுக்கு அவர்கள் கொடுக்கிற காசில் எங்கள் வீட்டில் ரெண்டு நாளைக்குக் குழம்பு வைக்கலாம். அவர்கள் சிரித்துக்கொண்டே கொடுப்பார்கள். நாங்கள் மறைவாக நின்று, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

3

எண்பதுவாக்கில் கல்யாணமாகி இங்கே வந்தேன். என் வீட்டுக்காரர் சேலத்துக்காரர். இங்கே ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை.

நான் கிளம்புவதற்கு முன்னால் அப்பா ஒரு காரியம் செய்தார். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெயரை ரேஷன் கார்டிலிருந்து நீக்கி, நீக்கியதற்கு ஒரு சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால்தான் புகுந்த வீட்டுக் கார்டில் பெயர் ஏறும். இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விதி. அப்பா கூலியை விட்டுவிட்டு ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அதை வாங்கி வந்து என் கையில் கொடுத்தார்.

"இதத் தொலைச்சராத சாமி. அங்க போனதும் மொதல்ல கார்டுல பேரைச் சேத்திரு. சக்கரைக்கும் சீமெண்ணைக்கும் அல்லாடக் கூடாது பாரு" என்றார்.

நானும் பாஸ்போர்ட்டுக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்தேன். விமான நிலையத்தில் அதிகாரி காகிதம் கேட்டபோது அதையும் சேர்த்தே நீட்டினேன். அவர் ஊதா முத்திரையை முன்னும் பின்னும் பார்த்து, இது என்ன என்றார். "மை நேம் இஸ் கட் சார்" என்றேன். அவர் பாஸ்போர்ட்டில் இருந்த பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்துக் கவுண்டர்க்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் அதைத் தலைகீழாக வைத்துப் படித்தார்கள். கடைசியில் முத்திரை குத்தி அனுப்பியது என் ஆங்கிலத்துக்குப் பயந்துதான் என்று நினைக்கிறேன்.

வந்த வாரமே வீட்டுக்காரரிடம், "இங்க ரேஷன் கடை எந்தத் தெருவுலங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்த சிரிப்புக்குப் பக்கத்து வீட்டுக்காரி சுவரைத் தட்டினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊர்க் கார்டில் என் பெயர் இல்லை. இந்த ஊரில் கார்டே இல்லை. சர்க்கரை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைத்தது, அது வேறு விஷயம்.

கடைவீதியிலும் அதே கதைதான். எல்லாவற்றிலும் விலை ஒட்டியிருக்கும், பேச ஒன்றும் இருக்காது. ஒரு கிழவர் மீன் கடை வைத்திருந்தார். அவரிடம் போய், கடைசி விலை சொல்லுங்கள் என்பதை "டெல் லாஸ்ட் பிரைஸ்" என்று கேட்டேன். போன வார விலையைக் கேட்கிறேன் என்று அவர் நினைத்துக்கொண்டு, "போன வாரமும் இதேதான் அம்மா" என்றார். அந்த ஊமை ஊரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மஞ்சள் சீட்டைக் கண்டுபிடித்த அன்றைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது. இங்கேயும் கடைசி பஸ் இருக்கிறது என்று தெரிந்துகொண்டேன்.

4

பிறகு பன்னிரண்டு வருஷம் ஊருக்கே போக முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் இதற்கிடையில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். எனக்கு ஊர் என்று மிஞ்சியது அக்காதான். போன மே மாதம் மகளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு கேட்டால் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் கொடுத்தார்கள். பலாப்பழம் என்று எழுதலாமா என்று யோசித்து, குடும்பம் என்று எழுதினேன்.

அக்கா இன்னும் அதே எஸ்டேட்டில் தினக்கூலி. மாமா அங்கேயே வாட்ச்மேன். மகன்கள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். அதே லைன் வீட்டில் எங்களுக்கு இடம் ஒதுக்கித் தந்தாள். என் மகள் தண்ணீர் கொடுத்தால் தேங்க்ஸ் சொன்னாள், தட்டு வைத்தால் தேங்க்ஸ் சொன்னாள், பாய் போட்டால் தேங்க்ஸ் சொன்னாள்.

"எதுக்குக் கண்ணு சும்மா சும்மா தேங்ஸு? உங்க ஊட்டுத் தண்ணி உனக்குக் குடுக்கறேன்" என்றாள் அக்கா.

எனக்கு மகளை நினைத்து வெட்கமாக இருந்தது. மறுநாள் ஏற்காட்டு ஒண்டிக்கடை முக்குப் பக்கம் போன பிறகு, அவளைப் பற்றி வெட்கப்பட எனக்கு நேரமே இல்லாமல் போயிற்று.

ஒண்டிக்கடையில் குப்பண்ணன் இப்போது சொந்தக் கடை போட்டிருந்தார். மீசை வெளுத்திருந்தது. காய், பழம், மிளகு, காப்பித்தூள் எல்லாம் இருந்தன. நான் கத்தரிக்காய் விலை கேட்டேன். அவர் ஒரு விலை சொன்னார். எனக்கு முன்னால் வாங்கிப் போன பொம்பளையிடம் வாங்கியதைவிட இரண்டு மடங்கு.

"ஏனுங்க, அவங்களுக்கு ஒரு வெல, எனக்கு ஒரு வெலையா?" என்றேன். பன்னிரண்டு வருஷம் பெட்டியில் வைத்திருந்த சேலம் பாஷையை எடுத்து விரித்தேன்.

"அவங்க நம்மூருங்க."

"நானும் நம்மூருதானுங்க. பழனியம்மா தங்கச்சி சாந்தா."

"அட, சாந்தா அம்மிணியா! நல்லா இருக்கீங்களா? பாப்பா உங்க பொண்ணுங்களா?" என்று எழுந்து வந்து விசாரித்தார். மோர் வாங்கிக் கொடுத்தார். அரைமணி நேரம் பேசினார். பிறகு கத்தரிக்காயை நிறுத்து, அதே சீசன் விலையைச் சொன்னார்.

"லண்டன்ல இருந்து வந்திருக்கீங்க, எங்கிட்டப் போயிக் கத்திரிக்காய்க்கு நிக்கறீங்களே" என்று வருத்தப்பட்டார். நான் இருப்பது லண்டன் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். அது ஒருத்தர் காதிலும் ஏறவில்லை.

சாயங்காலம் கடை மூடுகிற நேரமாகப் பார்த்துத் திரும்பவும் போனேன். அக்காவின் பழைய பிரம்மாஸ்திரத்தை எடுத்து விட்டேன். "ஏனுங்கண்ணா, இப்பெல்லாம் கூடைக்கு லக்கேஜு எவ்வளவு வாங்கறாங்க?"

"லக்கேஜுங்களா? அதெல்லாம் அந்தக் காலமுங்க. கடை சொந்தம், டெம்போ சொந்தம். இன்னைக்கு விக்கலீன்னா நாளைக்கு விக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, பூட்டைத் தேடினார்.

மற்ற கடைகளில் இன்னும் மோசம். அக்காவின் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். வாட்சைக் கழற்றி வைத்தேன். ரப்பர் செருப்புக்கு மாறினேன். ஆனால் ஒரு பொம்பளை தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள் என்று அவளுக்குப் பின்னால் போய் நின்றேன். அவளுக்குப் பிறகு நான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். பத்துப் பேர் என் தோளுக்கு மேலேயும் கக்கத்துக்குக் கீழேயும் கையை நீட்டி வாங்கிக்கொண்டு போனார்கள். தக்காளிக்காரி என்னை நிமிர்ந்து பார்த்து, "எந்த ஊருங்க நீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டாள். அப்புறம் சீசன் விலை சொன்னாள். சில்லறையை வாங்கிக்கொண்டு, பாழாய்ப்போன என் வாய் தேங்க்ஸ் என்றது. என் மகள் அன்றைக்கு முதல் தடவையாக ஏற்காட்டில் விழுந்து விழுந்து சிரித்தாள்.

5

ராத்திரிச் சாப்பாட்டின்போது அக்காவிடம் கொட்டித் தீர்த்தேன்.

"நான் வாங்கியாறேன், நீ ஊட்ல கெட. என்ன வேணும் சொல்லு" என்றாள்.

"நீ வாங்கினா அது உன் வெல. எனக்கு என் வெல வேணும்."

அக்காவுக்குப் புரியவில்லை. தட்டில் ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். எனக்குச் சொல்ல வராததெல்லாம் அன்றைக்கு வந்துவிட்டது. இங்கிலாந்தில் கால் வைத்த நாளிலிருந்து நீ எந்த ஊர், நீ எந்த ஊர் என்று கேட்கிறார்கள். பஸ்ஸில் கேட்கிறார்கள், டாக்டர் கேட்கிறார், அடுத்த வீட்டு நாய்க்காரி கேட்கிறாள். நானும் சளைக்காமல் ஏற்காடு, ஏற்காடு என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். அவர்களுக்கு அது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பரவாயில்லை, எனக்குத் தெரியும் என்று இருந்தேன். இங்கே வந்தால் ஏற்காடும் அதையே கேட்கிறது. அங்கேயும் ஊர்க்காரி இல்லை, இங்கேயும் டூரிஸ்ட் என்றால் நான் எங்கேதான் போய் ஊர் விலைக்கு ஒரு கத்தரிக்காய் வாங்குவது?

"ஒரே ஒரு தடவையாவது என் வாயால கேட்டு, ஊரு வெலைக்கு வாங்காம நான் பிளேன் ஏற மாட்டேன்" என்றேன்.

"கத்திரிக்காய்க்கா இவ்வளவு?" என்றாள் அக்கா.

"கத்திரிக்காய்க்குத்தான்" என்று சொல்லிவிட்டு, சோற்றை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவினேன். மகள் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். நாங்கள் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிறகு கேட்டாள். கத்தரிக்காயைப் பற்றி என்றேன்.

6

இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் குப்பண்ணன் கடைக்குப் போனேன். ரோஷம் இருக்கிறவள் போயிருக்க மாட்டாள். கத்தரிக்காயைக் கையில் எடுத்து, காம்பைப் பார்த்து, முகத்தைச் சுளித்து, ஒரு விலை சொன்னேன். ஊர் விலையிலும் ஒரு ரூபாய் குறைத்தே சொன்னேன்.

குப்பண்ணன் மேலே பார்த்தார், கீழே பார்த்தார். "ஒரு ரூவா சேத்திக் குடுங்க அம்மிணி" என்றார்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. அது ஊர் விலை. சுத்தமான ஊர் விலை. கொத்தமல்லி கொசுறு கேட்டேன். கொடுத்தார். கறிவேப்பிலை? அதையும் வைத்தார். கத்தரிக்காயைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸை விட்டு இறங்கியதும் நான் வீட்டுக்கு நடக்கவில்லை, பறந்தேன். அக்கா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். வாசலில் நிறுத்தி வைத்து முழுக் கதையையும் நடித்தே காட்டினேன். குப்பண்ணன் மேலே பார்த்ததையும் கீழே பார்த்ததையும் இரண்டு தடவை நடித்தேன்.

"பரவால்லியே, பழைய சாந்தா வந்துட்டா" என்று அக்கா சிரித்தாள்.

அதிலிருந்து என்னைப் பிடிக்க ஆள் இல்லை. தக்காளிக்காரி, முட்டைக்காரர், வாழைப்பழக் கடை என்று ஒவ்வொன்றாக விழுந்தன. கேட்டால் போதும், ஊர் விலை. சிலர் கொஞ்சம் இழுத்துப் பேசினார்கள், ஆனால் கடைசியில் எல்லோரும் இறங்கி வந்தார்கள். என் நாக்கு திரும்பிவிட்டது என்று நினைத்தேன். வரிசையில் நிற்கிற நோயும் போய்விட்டது. இரண்டு முழங்கையையும் விரித்துக்கொண்டு புகுந்து போனேன். மகளுக்குத் தினமும் பாடம் நடத்தினேன். எதை முதலில் பார்க்கக் கூடாது, எப்போது திரும்பி நடக்க வேண்டும், எத்தனை அடி நடந்த பிறகு கூப்பிடுவார்கள் என்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். அவள் கவனமாகக் கேட்டுக்கொண்டு, "ஆனா நம்மகிட்டதான் பணம் இருக்கே மம்மி?" என்றாள். இந்தப் பிள்ளைக்கு எதையும் புரியவைக்க முடியாது என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரம் நான் சந்தோஷமாக இருந்தேன். வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதை வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டே பல் விளக்குவேன். தேவையே இல்லாமல் ஒரு பூசணிக்காய் வாங்கினேன். பலாப்பழம் மூன்று வாங்கி லைன் முழுக்கக் கொடுத்தேன்.

7

கிளம்புவதற்கு முந்தின நாள் இங்கிலாந்துக்குக் கொண்டுபோக மிளகும் காப்பித்தூளும் வாங்கப் போனேன். திடீரென்று தோன்றியது, அக்காவிடம் சொல்லவில்லை. அவள் வேலைக்குப் போயிருந்தாள். கிலோக் கணக்கில் வாங்குகிறேன், ஆகையால் இதுதான் பெரிய போர் என்று நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனேன்.

குப்பண்ணன் சீசன் விலை சொன்னார். நான் ஊர் விலை சொன்னேன். வழக்கமான நாடகம்தான். திரும்பி நடந்தேன். கூப்பிடவில்லை. இன்னும் நாலடி நடந்தேன். அப்போதும் கூப்பிடவில்லை. சரி என்று நானே திரும்பி வந்தபோது, மனிதர் விரலை மடக்கி மடக்கி மனசுக்குள் என்னவோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது கொஞ்சம் பெரிய தொகைங்க அம்மிணி" என்றார்.

"அதனாலதான குறைக்கச் சொல்றேன்?"

"அதுக்கில்லீங்க. கத்திரிக்காயின்னா சரி, மிச்சத்த அக்கா சாயங்காலம் வந்து குடுத்துட்டுப் போயிருவாங்க. இது அவங்க ரெண்டு வாரக் கூலிக்கு மேல வருமுங்க. இதுக்கும் அவங்ககிட்டயே வாங்கிக்கலாமுங்களா? ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்தீங்கன்னா நல்லது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. "எந்த மிச்சம்?" என்று கேட்டேன். கேட்டு முடிப்பதற்குள் விளங்கிவிட்டது. குப்பண்ணனுக்கும் நான் விளங்கிக்கொண்டது விளங்கிவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்குத் தெரியாதுங்களா? அய்யோ, தெரியக் கூடாதுன்னு சொன்னாங்களே! மறந்தே போயிட்டனுங்களே" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு, என் முகத்தைப் பார்த்துவிட்டு மோர் வேண்டுமா என்றார்.

தக்காளிக்காரியைப் பற்றிக் கேட்டேன். ஆமாம் என்றார். முட்டைக்காரரையும் வாழைப்பழக் கடையையும் கேட்டேன். அதற்கும் ஆமாம் என்றார். பூசணிக்காயைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. சீசன் விலையைக் கொடுத்து மிளகையும் காப்பித்தூளையும் வாங்கிக்கொண்டு வந்தேன். குப்பண்ணன் தானாகவே கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன் என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

8

அக்கா வேலையிலிருந்து வந்து, வாசலில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். மகள் உள்ளே மாமாவோடு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏனக்கா இப்படிப் பண்ணுன?"

"எப்படிப் பண்ணுனேன்?"

"குப்பண்ணன் சொல்லிட்டாரு."

அக்கா செம்பைக் கீழே வைத்தாள். "அந்தாளுக்கு வாயே நிக்காது. படிச்சுப் படிச்சுச் சொன்னேன்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. லைன் முழுக்கக் கேட்கட்டும் என்று கத்தினேன். "உங்கூலி என்ன, என் வருமானம் என்ன? உங்காசுல நான் ஊரு வெலைக்கு வாங்கிட்டு, ஊட்டுக்கு வந்து நடிச்சுக் காட்டியிருக்கேன். நீயும் நின்னு சிரிச்சுட்டு இருந்திருக்க. எல்லாக் கடைக்காரனும் என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பான்!"

"யாரும் சிரிக்கல. நான் மொதல்ல சும்மாதான் போயிக் கேட்டேன், எந்தங்கச்சிக்கும் ஊரு வெலையில குடுங்கன்னு. 'உங்களுக்குன்னா குடுக்கறனுங்க, லண்டன்காரங்களுக்கு எதுக்குங்க'ங்கறாங்க. அவங்க சொல்றதும் நாயந்தான? சீசன் போச்சுன்னா அவங்க ஈ ஓட்டோணும்."

"அப்ப உட்டுட வேண்டியதுதான?"

"எப்படி உடறது?" அக்காவின் குரலும் ஏறியது. "பன்னெண்டு வருசம் கழிச்சு வந்து, மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டுச் சோத்துல கைய வெக்காம உக்காந்திருந்த. அன்னைக்கு அந்தக் கத்திரிக்காயத் தூக்கிட்டு ஓடியாந்த பாரு, சின்னப் புள்ளையில வருவியே, அதே மாதிரி வந்த. அந்த மூஞ்சியப் பாக்க நான் குடுத்தது நொம்பச் சல்லிசு புள்ள. எனக்கு அதுதான் ஊரு வெல."

நான் அங்கேயே படியில் உட்கார்ந்து அழுதேன். அடக்கப் பார்க்கவில்லை. அக்கா பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு பர்ஸைத் திறந்தேன்.

"எவ்வளவு ஆச்சுன்னு சொல்லு. நான் குடுத்துடறேன்."

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்து, உள்ளங்கையை என் முன்னால் நீட்டினாள்.

"தாராளமாக் குடு. வெளியூர்க்காரிங்ககிட்ட நான் வாங்கிக்குவேன். ஊர்க்காரின்னா அத உள்ளார வையி. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லு."

பேரம் பேசிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் கை நீட்டியபடியே நின்றது. நகத்துக்குள் எஸ்டேட்டு மண் இன்னும் போகவில்லை. அந்தக் கையையும் பர்ஸையும் மாறி மாறிப் பார்த்தேன். பர்ஸை மூடி இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"சரி, எந்திரி. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போனாள்.